மரம் கழிக்க போல் சா: பெட்ரோலா, பேட்டரியா?

வேலூர் பக்கம் மரம் ஏறிக் கிளை கழிக்க ஆள் கிடைப்பது வருஷத்துக்கு வருஷம் கஷ்டமாகிக்கொண்டே போகிறது. கிடைத்தாலும் அவருக்கு ஒழிகிற நாளுக்கு நாம் காத்திருக்க வேண்டும். அதனால்தான் காட்பாடி, சத்துவாச்சாரி பக்கம் தனி வீடு வைத்திருப்பவர்களும், குடியாத்தம், அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவர்களும் சொந்தமாக ஒரு போல் சா வாங்கிவிடலாமா என்று விசாரிக்க ஆரம்பித்திருக்கிறார்கள். நீளக் கழியின் நுனியில் சின்ன செயின் ரம்பம் பொருத்திய கருவி அது. தரையில் நின்றபடியே மேலே இருக்கும் கிளையை அறுக்கலாம். ஏணியும் வேண்டாம், மரத்தில் ஏறவும் வேண்டாம்.

கடையில் போய் நின்றதும் பெட்ரோலா, பேட்டரியா என்பதுதான் முதல் கேள்வியாக வரும். பெரும்பாலானோர் எதில் சக்தி அதிகம் என்று கேட்டு முடிவு செய்கிறார்கள். அது தப்பான கேள்வி என்பது என் கருத்து. எட்டு, பத்து அங்குல பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) கொண்ட நல்ல கருவி எதுவாக இருந்தாலும், நாம் அறுக்க வேண்டிய கிளையை அறுத்துவிடும். ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் வேலை செய்யப்போகிறோம், ப்ளக் பாயிண்ட் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, கையை உயர்த்திப் பிடிக்கும்போது நுனியில் எவ்வளவு கனம் தெரிகிறது, இந்த மூன்றையும் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

முதலில் மரங்களை ஒரு சுற்று பாருங்கள்

கடைக்குப் போகும் முன் ஒரு நோட்டும் டேப்பும் எடுத்துக்கொண்டு உங்கள் மரங்களைச் சுற்றி வாருங்கள். என்ன மரம், கழிக்க வேண்டிய கிளை எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது, எவ்வளவு பருமன், பக்கத்தில் கரண்ட் கம்பி போகிறதா என்ற நான்கையும் எழுதிக்கொண்டால் போதும்.

மரத்துக்கு மரம் வேலை மாறும். முருங்கை மெத்தென்று இருக்கும், ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் முறியும். அதற்கு மெஷினே தேவையில்லை, கழி நுனியில் மாட்டும் கைரம்பம் போதும். வேம்பும் புங்கனும் நடுத்தரம். மா சுலபமாக அறுபடும், ஆனால் அதன் பால் தோலில் பட்டால் கொப்புளம் வரும். முழுக்கைச் சட்டை அவசியம். புளி அப்படியில்லை. மரம் கெட்டி, நார் முறுக்கு. ரோட்டோரப் புளியாக இருந்தால் பட்டைக்குள் வருஷக்கணக்கில் மண்ணும் தூசியும் ஏறியிருக்கும், செயினின் கூர்மையை அது சீக்கிரம் தின்றுவிடும்.

தென்னைக்கு போல் சா வாங்காதீர்கள். மட்டையின் நார் செயினிலும் பல்சக்கரத்திலும் சுற்றிக்கொண்டு நின்றுவிடும். அதற்கு அரிவாளும் தொரட்டியும் தெரிந்த கையும்தான் சரி. உங்கள் நிலத்தில் சந்தன மரம் இருந்தால், ஒரு கிளையாக இருந்தாலும் வனத்துறையைக் கேட்காமல் ரம்பம் வைக்க வேண்டாம். திருப்பத்தூரில் அரசு சந்தனக் கிடங்கே இருக்கும் வட்டாரம் இது, அந்த விஷயத்தில் கெடுபிடி அதிகம். வீட்டுக்கு முன்னால் ரோட்டோரம் நிற்கும் மரமும் நம்முடையது இல்லை. மாநகராட்சி, ஊராட்சி அல்லது நெடுஞ்சாலைத் துறையைக் கேட்டுத்தான் தொட வேண்டும்.

எட்டும் உயரமும் அறுபடும் பருமனும்

கடைகளில் கிடைக்கும் போல் சாக்களில் பெரும்பாலானவை நீட்டினால் எட்டரை அடியிலிருந்து பதினொன்றரை அடி வரை இருக்கும். கழியைச் செங்குத்தாகத் தூக்கிப் பிடித்து அறுக்கக் கூடாது. அறுத்த கிளை நேராக உங்கள் தலைக்கு வரும். தரையிலிருந்து 60 டிகிரிக்கு மேல் கழி நிமிராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படிப் பிடித்தால் உங்கள் உயரமும் சேர்ந்து 13, 14 அடி எட்டும். பெட்டியில் அதற்கு மேல் போட்டிருந்தாலும் இதைத்தான் கணக்கில் வையுங்கள். மாடி உயரத்துக்கு மேல் போய்விட்ட வேப்பங்கிளைக்கு இது ஆகாது, அதற்குத் தொழில் தெரிந்த ஆள்தான்.

பருமன் கணக்கு இன்னும் சுலபம். பார் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பருமனான கிளையில் கை வைக்காதீர்கள். பத்து அங்குல பார் என்றால் ஆறு, ஆறரை அங்குலம். எட்டு அங்குல பார் என்றால் ஐந்து. அதற்கு மேல் அறுக்க முடியாது என்பதில்லை, விழும் கனத்தை நினைத்துச் சொல்கிறேன். ஆறு அங்குலப் பருமனும் பத்தடி நீளமும் உள்ள பச்சைக் கிளை 45, 50 கிலோ இருக்கும். இலையும் சிறு கொம்பும் தனி.

பேட்டரி கருவி

பட்டனை அழுத்தினால் ஓடும், விட்டால் நிற்கும். புதிதாக ஆரம்பிப்பவருக்கு இதைவிடப் பெரிய வசதி கிடையாது. கிளையைப் பார்த்து யோசிக்கும் நேரத்தில் மெஷின் சும்மா இருக்கும். புகை இல்லை, சத்தம் குறைவு, தள்ளி நிற்பவர் "விழுது, தள்ளுங்க" என்று கத்தினால் காதில் விழும். கருவியின் மொத்த எடை மூன்றரை முதல் ஐந்தரை கிலோ வரை. இரண்டு வேப்பமரம், ஒரு மா, ஒரு கொய்யா, வேலியோரம் கொஞ்சம் என்று இருக்கும் வீட்டுக்கு பேட்டரிதான், இதில் எனக்குத் தயக்கமே கிடையாது. ஒரு ஏக்கருக்குள் இருக்கும் தோப்புக்கும், கிணற்றடியில் கரண்ட் இருந்தால், இரண்டு பேட்டரி வைத்துச் சமாளிக்கலாம்.

பேட்டரியின் அளவைப் பார்க்க வோல்ட் மட்டும் போதாது. வோல்ட்டையும் ஆம்பியர் ஹவரையும் பெருக்குங்கள். 36 வோல்ட், 4 ஆம்பியர் ஹவர் என்றால் 144 வாட் ஹவர். 18 வோல்ட், 4 ஆம்பியர் ஹவர் என்றால் 72, அதில் சரிபாதி. இந்த வாட் ஹவர்தான் நம்முடைய டேங்க். மோட்டார் கிளையைக் கடிக்கும்போது 600, 700 வாட் இழுக்கும் என்று வைத்துக்கொண்டால், 144 வாட் ஹவர் விடாமல் அறுத்தால் பன்னிரண்டு நிமிஷம் வரும். ஆனால் யாரும் விடாமல் அறுப்பதில்லை. ஒரு கிளை, பிறகு இழுத்துப் போடுவது, பிறகு அடுத்த கிளையைப் பார்ப்பது என்று போகும் வேலையில் அது அரை மணி, முக்கால் மணி தாங்கும். ஒரு யூனிட் கரண்டில் ஐந்தாறு தடவை முழுசாக சார்ஜ் ஏற்றலாம், ஆக ஓட்டும் செலவு ஒன்றுமே இல்லை என்று சொல்லலாம்.

இங்கே ஒரு ஏமாற்று நடக்கிறது, கவனமாக இருங்கள். ஆன்லைனிலும் சில கடைகளிலும் மலிவு விலை கருவிகளின் பேட்டரி மேல் 48, 88, 128 என்று பெரிய எண் போட்டு, பக்கத்தில் வோல்ட் மாதிரித் தெரியும்படி ஓர் எழுத்தோ இரண்டோ ஒட்டியிருப்பார்கள். உள்ளே பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் ஐந்து லித்தியம் செல்தான், முழு சார்ஜில் 21 வோல்ட். ஒரு செல் முழு சார்ஜில் 4.2 வோல்ட், சராசரியாக 3.6 வோல்ட். ஐந்து செல்லை வரிசையாக இணைத்தால் முழு சார்ஜில் 21, சராசரி 18. ஒரே பேட்டரியை ஒரு கம்பெனி 18 என்றும் இன்னொரு கம்பெனி 20 என்றும் விற்பது இதனால்தான். அது ஏமாற்று இல்லை. 88 என்பதுதான் ஏமாற்று. கையில் தூக்கிப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும்: ஐந்து செல் பேட்டரி சுமார் 350 கிராம் இருக்கும், பத்து செல் உள்ளது 600 கிராமைத் தாண்டும்.

அப்புறம் நம் ஊர் வெயில். பேட்டரி பற்றி எழுதுகிறவர்கள் பலர் இதைச் சொல்வதில்லை, வேலூரில் இதுதான் முக்கியம். லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும்போது சார்ஜ் செய்யக் கூடாது. கத்திரி வெயிலில் இங்கே காற்றே 40 டிகிரியைத் தாண்டும். அந்த வெயிலில் அறுத்து முடித்துக் கழற்றிய பேட்டரி, தொட்டால் கை சுடும் அளவுக்கு இருக்கும். அதை அப்படியே கொண்டுபோய் சார்ஜரில் சொருகினால் நல்ல சார்ஜராக இருந்தால் சிவப்பு விளக்கு மினுக்கி, ஏற்ற மாட்டேன் என்று நிற்கும். புதிதாக வாங்கியவர்கள் சார்ஜர் ரிப்பேர் என்று நினைத்துக் கடைக்கு ஓடுவார்கள். ரிப்பேர் இல்லை, பேட்டரியைக் காப்பாற்றத்தான் அது நிற்கிறது. நிழலில், காற்று வரும் திண்ணையில் அரை மணி வைத்துவிட்டு சொருகினால் தானாக ஏறும். ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், உள்ளே ஈரம் கோக்கும். மலிவு சார்ஜருக்கு இந்தப் புத்தி இருக்காது. சூட்டோடு ஏற்றி இரண்டு சீசனில் பேட்டரியைக் கொன்றுவிடும். தகரக் கொட்டகையிலும், வெயிலில் நிற்கும் வண்டியின் பெட்டியிலும் பேட்டரியை வைக்கவே கூடாது.

இன்னொன்று, புது பேட்டரியின் விலை கருவி விலையில் பாதிக்குப் பக்கத்தில் வரும். அதனால் ஏற்கெனவே டிரில்லோ மருந்தடிக்கும் ஸ்பிரேயரோ பேட்டரியில் வைத்திருந்தால் அதே கம்பெனி போல் சாவைத் தேடுங்கள். பேட்டரி இல்லாமல் வெறும் கருவி மட்டும் விற்கிற கம்பெனிகள் உண்டு, செலவு நன்றாகக் குறையும்.

பெட்ரோல் கருவி

நாள் முழுக்க வேலை, கரண்ட் இல்லாத தோப்பு, கூலிக்குப் போய்க் கழித்துக் கொடுக்கிற தொழில் என்றால் பெட்ரோல்தான். காரணம் எளிது. ஒரு லிட்டர் பெட்ரோலுக்குள் 8, 9 யூனிட் கரண்டுக்குச் சமமான ஆற்றல் இருக்கிறது. சின்ன இன்ஜின் அதில் பெரும்பகுதியைச் சூடாகவும் புகையாகவும் வீணடித்தாலும், மிச்சம் கிடைப்பது நாம் மேலே பார்த்த 144 வாட் ஹவர் பேட்டரியைப் போலப் பல பேட்டரிக்குச் சமம். டேங்க் தீர்ந்தால் ஊற்றிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போகலாம், சார்ஜ் ஏறும் வரை உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

அதற்கு விலை உண்டு. எடை ஆறு முதல் எட்டு கிலோ. சத்தம் காதை அடைக்கும், காதுக்கு மஃப் போடாமல் ஓட்டக் கூடாது. கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஓரிரு மாதம் சும்மா வைத்தால் கார்புரேட்டர் அடைத்துக்கொள்ளும். இப்போது பங்கில் போடும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்திருக்கிறது. அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். கலந்து வைத்த பெட்ரோலை ஒரு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள். வருஷத்துக்கு இரண்டு தடவை மட்டும் எடுக்கிற வீட்டுக்காரருக்கு பெட்ரோல் கருவி வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். அவர் மரம் கழிக்கிற நேரத்தைவிட மெக்கானிக் கடையில் நிற்கிற நேரம்தான் அதிகமாகும்.

பெரும்பாலான பெட்ரோல் போல் சா டூ ஸ்ட்ரோக். பெட்ரோலில் டூ டி ஆயில் கலந்துதான் ஊற்ற வேண்டும். 50:1 என்று புத்தகத்தில் போட்டிருந்தால் லிட்டருக்கு 20 மில்லி, 40:1 என்றால் 25, 25:1 என்றால் 40. கண்ணளவில் ஊற்றாதீர்கள், மெடிக்கலில் கிடைக்கும் அளவுக் கப்போ சிரிஞ்சோ வைத்துக்கொள்ளுங்கள். ஆயில் இல்லாமல் வெறும் பெட்ரோல் ஊற்றினால் கொஞ்ச நேரத்திலேயே பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், அதோடு இன்ஜின் போச்சு. ஃபோர் ஸ்ட்ரோக் சின்ன இன்ஜின் கொண்டவையும் உண்டு; அவற்றுக்குக் கலவை வேண்டாம், ஆயில் தனியாக ஊற்ற வேண்டும். வாங்கும்போதே எது என்று கேட்டு, டேங்க் மேல் மார்க்கரில் எழுதி வையுங்கள். பெட்ரோலை வாட்டர் பாட்டிலில் வாங்காமல் அதற்கென்று இருக்கும் கேனில் வாங்குங்கள்.

தோப்புக்காரர்களுக்கு மூன்றாவதாக ஒரு வழியும் இருக்கிறது. களை வெட்டும் பிரஷ் கட்டர் உங்களிடம் ஏற்கெனவே இருந்தால், அதன் நுனியைக் கழற்றிவிட்டு போல் சா தலையை மட்டும் மாட்டலாம். தலை தனியாகக் கிடைக்கும். உங்கள் கட்டரின் குழாய் 26 மில்லிமீட்டரா 28-ஆ, உள்ளே ஓடும் ராடின் நுனியில் ஏழு பல்லா ஒன்பது பல்லா என்று அளந்து கொண்டுபோய் வாங்குங்கள், இல்லாவிட்டால் பொருந்தாது. முதுகில் மாட்டும் வளையும் குழாய் மாடலுக்கு இது சரிவராது. கொஞ்சம் கனம்தான், இருந்தாலும் சீசனில் பத்துப் பதினைந்து மாமரம் மட்டும் கழிக்கிறவருக்குப் புது மெஷின் செலவு மிச்சம்.

கனம் எங்கே உட்கார்ந்திருக்கிறது

பெட்டியில் போட்டிருக்கும் எடையைப் பார்த்து ஏமாற வேண்டாம். பெட்ரோல் கருவியில் இன்ஜின் கீழே, இடுப்பு அருகில் இருக்கும். தோளில் பெல்ட் மாட்டினால் பாதிக் கனத்தைத் தோள் வாங்கிக்கொள்ளும். மலிவான பேட்டரி கருவி பலவற்றில் மோட்டார் மேலே, ரம்பத்தோடு ஒட்டி இருக்கும். மொத்த எடை நாலு கிலோதான், ஆனால் பத்தடிக் கழியின் நுனியில் ஒன்றரை கிலோ இருந்தால், குடத்தை நீட்டிய கையில் பிடித்த மாதிரி மணிக்கட்டு இறங்கிவிடும். நுனி ஆடும்போது அறுப்பும் நேராக வராது, பார் கிளையில் மாட்டிக்கொள்ளும். மோட்டார் கைப்பிடிப் பக்கமே இருந்து ராட் வழியாக ரம்பத்தை ஓட்டும் பேட்டரி மாடலும் உண்டு. விலை கூடுதல், வேலைக்கு அதுவே நல்லது.

அதனால் கடையில் கழியை முழுசாக நீட்டி, பேட்டரியோ பெட்ரோலோ போட்டு, மேலே ஓர் இடத்தைக் குறிவைத்து இரண்டு நிமிஷம் பிடித்துப் பாருங்கள். வாங்கும் முன் இதைக் கட்டாயம் செய்யுங்கள். வீட்டில் வேறு யாராவது ஓட்டப்போகிறார்கள் என்றால் அவர்களையும் அழைத்துப் போய்ப் பிடிக்கச் சொல்லுங்கள்.

"அண்ணா, செயினை ஒரு தடவை கழற்றி மாட்டிக் காட்டுங்க" என்று கேளுங்கள். யோசிக்காமல் செய்து காட்டுகிறவர் கடையில் வாங்கலாம். செயின், பார், பேட்டரி, கார்புரேட்டர் கிட் எல்லாம் அவரிடமே கிடைக்குமா என்றும் கேளுங்கள். செயினுக்காக ஒவ்வொரு தடவையும் சென்னைக்கு ஆர்டர் போட வேண்டும் என்றால் எவ்வளவு நல்ல கருவியும் மூலையில் கிடக்கும். விவசாயி என்றால், மானியப் பட்டியலில் அந்த வருஷம் என்னென்ன இருக்கிறது என்று உழவன் செயலியிலோ வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்திலோ பார்த்துவிட்டு வாங்குங்கள். ரசீது வாங்கிய பிறகு போய்க் கேட்டுப் பயனில்லை.

கரண்ட் கம்பி

இதற்கு மட்டும் விதிவிலக்கே கிடையாது. போல் சாவின் கழி அலுமினியமோ ஃபைபரோ, எதுவும் கரண்டுக்குத் தடுப்பு இல்லை. ஃபைபர் கழி பாதுகாப்பு என்று கடையில் சொன்னால் நம்பாதீர்கள். தெருவில் போகும் சாதாரண லைனே உயிரை எடுக்கும், 11,000 வோல்ட் ஹெச்.டி. லைனுக்குத் தொடக்கூட வேண்டியதில்லை, நெருங்கினாலே பாயும். பச்சைக் கிளையும் கரண்டைக் கடத்தும். கம்பியிலிருந்து 15 மீட்டர், அதாவது ஐம்பது அடிக்குள் போல் சாவை எடுக்காதீர்கள்.

கம்பியை உரசும் கிளையை ஈபி ஆட்கள் வெட்ட வேண்டும். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தும் நாளில் அவர்களே கிளை கழிப்பார்கள். அதற்கு முன்பே செக்ஷன் ஆபீஸில் எழுதிக் கொடுங்கள், அல்லது மின்னகம் எண் 94987 94987-இல் புகார் பதியுங்கள். கரண்ட் போயிருக்கிறதே என்று நாமே ரம்பத்தைத் தூக்கக் கூடாது. எந்த நிமிஷமும் வரலாம். யார் வீட்டு இன்வெர்ட்டரோ ஜெனரேட்டரோ கம்பியில் திருப்பிக் கரண்ட் விடவும் வாய்ப்பு உண்டு.

எப்போது கழிப்பது

மாமரத்துக்குக் காய் இறங்கிய பிறகு, ஆடி, ஆவணியில். கடைசியில் வரும் நீலம் ரகம் வரை அறுவடை முடிந்திருக்கும். காய்ந்தது, நோய் பிடித்தது, ஒன்றோடொன்று உரசுவது, உள்ளே வெயிலை மறைப்பது, இவற்றை எடுத்தால் போதும். ஐப்பசிக்கு மேல் தள்ளிப் போட்டால், வெட்டிய இடத்தில் வரும் துளிர் முற்றுவதற்குள் பூக்கும் காலம் வந்துவிடும், அந்தக் கிளையில் அந்த வருஷம் பூ இருக்காது. வேம்பு, புங்கன் போன்ற நிழல் மரங்களுக்கு வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசிக்குள் கனத்தைக் குறைத்துவிட வேண்டும். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையைத் தாண்டி உள்ளே வந்தபோது, தலை கனத்த மரங்கள் எப்படிச் சாயும் என்று எல்லோரும் பார்த்தோம். ஆடிக்காற்று பலமாக அடிக்கும் நாளை மட்டும் விட்டுவிடுங்கள். காற்றில் கிளை எந்தப் பக்கம் விழும் என்று சொல்ல முடியாது. நேரம், காலை ஆறிலிருந்து ஒன்பது. உங்களுக்கும் நல்லது, பேட்டரிக்கும் நல்லது.

அறுக்கும் முறை

ஹெல்மெட், கண்ணுக்குக் கண்ணாடி, கையுறை, ஷூ. செருப்போடு நிற்காதீர்கள். மேலே நிமிர்ந்து பார்த்தபடி அறுக்கும் வேலை இது, மரத்தூள் நேராகக் கண்ணில்தான் விழும். ஏணி மேல் நின்று போல் சாவை ஓட்டவே கூடாது. ஐம்பது அடி சுற்றில் பிள்ளைகள், ஆடு மாடு யாரும் இருக்கக் கூடாது.

ரம்பத்தை எடுக்கும் முன் மரத்தைக் கீழிருந்து நிதானமாகப் பாருங்கள். குளவிக் கூடு, தேன்கூடு இருந்தால் அந்த மரத்தை இன்றைக்கு விட்டுவிடுங்கள். பெட்ரோல் இன்ஜின் சத்தத்துக்கும் அதிர்வுக்கும் அவை கலையும், கழியைக் கீழே போட்டுவிட்டு ஓடத்தான் வேண்டியிருக்கும். மாமரத்தில் இலையைச் சுருட்டிக் கட்டிய முசுறு எறும்புக் கூடு இருக்கும். கிளையோடு சேர்ந்து தலையில் விழுந்தால் கழுத்துக்குள் இறங்கிக் கடிக்கும், காலரை மேலே ஏற்றி ஒரு துண்டைச் சுற்றிக்கொள்ளுங்கள்.

இப்போது கிளை. நீளமான கிளையை ஒரே துண்டாக அறுக்காதீர்கள். நுனியிலிருந்து மூன்று, நான்கு அடித் துண்டுகளாக எடுத்துக்கொண்டே உள்ளே வாருங்கள். கடைசியாக, அடிமரத்தை ஒட்டி ஒன்றரை அடிக் கட்டை மிஞ்சும்போது மூன்று வெட்டு. முதலில் அடிமரத்திலிருந்து ஓர் அடி தள்ளி, கிளையின் அடிப்பக்கத்தில் கால்வாசி ஆழம் அறுங்கள். பிறகு அதற்கு இரண்டு அங்குலம் வெளியே தள்ளி மேலிருந்து அறுங்கள். கனம் தாங்காமல் கிளை முறியும்போது அடிவெட்டு வரைதான் கிழியும், பட்டை அடிமரம் வரை உரிந்து வராது. மூன்றாவது வெட்டில் மிச்சக் கட்டையை எடுங்கள். கிளை அடிமரத்தில் சேரும் இடத்தில் மோதிரம் போலச் சற்றுப் புடைத்திருக்கும். அதை வெட்டாமல், அதற்கு வெளியே அறுக்க வேண்டும். மரம் காயத்தை மூடிக்கொள்வது அந்தப் புடைப்பிலிருந்துதான். அடிமரத்தோடு மட்டமாக அறுத்தால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் காயம் ஆறாமல் உள்ளே அழுகும்.

செயினை முழு வேகத்தில் ஓடவிட்டு, பிறகு கிளையில் வையுங்கள். அமுக்க வேண்டாம், ரம்பத்தின் கனத்திலேயே அது இறங்கும். இறங்கவில்லை என்றால் செயின் மழுங்கியிருக்கிறது என்று அர்த்தம். பார் கிளையில் மாட்டிக்கொண்டால் மெஷினை நிறுத்திவிட்டு, கிளையைத் தொரட்டியால் மெல்லத் தூக்கி எடுங்கள். ஓடவிட்டபடி இழுக்கக் கூடாது. கிளைக்கு நேர் கீழே எப்போதும் நிற்காதீர்கள், விழுந்த கட்டை தரையில் பட்டுத் துள்ளி வரவும் செய்யும், பின்னால் நகர இரண்டு பக்கம் வழி வேண்டும்.

மாமரத்தில் பெரிய காயங்களுக்கு போர்டோ பசை பூசலாம். மயில்துத்தம் 100 கிராம், சுண்ணாம்பு 100 கிராம், தண்ணீர் ஒரு லிட்டர். துத்தத்தையும் சுண்ணாம்பையும் தனித்தனியாகப் பிளாஸ்டிக்கிலோ மண் சட்டியிலோ கரைத்துப் பிறகு சேர்க்க வேண்டும். இரும்புப் பாத்திரம் ஆகாது.

செயின், ஆயில், பிறகு பரணில் வைப்பது

பெட்ரோல், பேட்டரி இரண்டுக்கும் செயின் ஆயில் வேண்டும். பேட்டரி கருவிக்கு ஆயிலே வேண்டாம் என்று நினைத்து ஓட்டிப் பாரைக் கருக்கிவிடுகிறவர்கள் நிறைய. ஆயில் வருகிறதா என்று பார்க்க, நுனியை வெள்ளைக் காகிதத்துக்கு மேல் ஓர் அடி உயரத்தில் பிடித்துக் கொஞ்சம் ஓடவிடுங்கள், காகிதத்தில் கோடு விழ வேண்டும். வண்டியிலிருந்து வடித்த பழைய ஆயிலை ஊற்றாதீர்கள். அதிலிருக்கும் இரும்புத் தூள் பம்பைக் கெடுக்கும், ஒழுகி மரத்திலும் மண்ணிலும் சேரும்.

செயின் இறுக்கத்தை ஒவ்வொரு தடவையும் பாருங்கள். பாரின் நடுவில் விரலால் தூக்கினால் கொஞ்சம் எழ வேண்டும், ஆனால் செயினின் அடிப்பல் பாரின் பள்ளத்தை விட்டு வெளியே வரக் கூடாது. புதுச் செயின் முதல் அரை மணியிலேயே நீளும், நிறுத்தி மறுபடி இறுக்குங்கள். விழும் தூளைக் கவனியுங்கள். சீவல் மாதிரி விழுந்தால் கூர் இருக்கிறது, மாவு மாதிரி விழுந்தால் அரம் போட வேண்டும். இந்தச் சின்னச் செயின்களில் பெரும்பாலானவற்றுக்கு 4 மில்லிமீட்டர் உருண்டை அரம் சரியாக இருக்கும், புத்தகத்தில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு, பெட்ரோல் என்றால் ஸ்பார்க் ப்ளக் மூடியைப் பிடுங்கிவிட்டுத்தான் செயினில் கை வைக்க வேண்டும்.

பெட்ரோல் இன்ஜின் சூடாக இருக்கும்போது டேங்கைத் திறக்காதீர்கள், பத்து நிமிஷம் ஆறட்டும். கோடையில் சூடான சைலன்ஸரோடு காய்ந்த சருகு மேல் மெஷினை வைத்தால் தோப்பில் தீ பிடிக்கும். வெறும் மண் தரையில் வையுங்கள்.

சீசன் முடிந்ததும் செயினைக் கழற்றி, மாம்பாலும் பிசினும் ஒட்டியதை மண்ணெண்ணெயில் துடைத்து, ஆயில் தடவி வையுங்கள். பெட்ரோல் கருவி என்றால் டேங்கைக் காலி செய்து, தானாக அணையும் வரை ஓடவிட்டால் கார்புரேட்டரில் மிச்சம் தங்காது. பேட்டரியை முழு சார்ஜிலும் வைக்காதீர்கள், காலியாகவும் வைக்காதீர்கள். பாதி அளவில் வைத்து, வீட்டுக்குள் குளிர்ச்சியான அலமாரியில் வையுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பார்த்து, குறைந்திருந்தால் மறுபடி பாதிக்கு ஏற்றிவிடுங்கள்.